ஹெல்சின்கி - டோக்கியோ: தூரம் ஒன்று, நேரம் மூன்று

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையில் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் என்று சொல்லும் இணைய தளங்கள் நிறைய இருக்கின்றன. இந்தப் பக்கம் ஒரு ஊர், அந்தப் பக்கம் ஒரு ஊர், நடுவில் ஒரு பொத்தான். அமுக்கினால் விடை. பரீட்சை நேரத்தில் இதைப் போல உருப்படியான பொழுதுபோக்கு வேறு கிடையாது (அனுபவம் பேசுகிறது). போகவே போகாத ஊர்களுக்கு எல்லாம் தூரம் பார்க்கலாம், செலவில்லை.

அப்படி ஃபின்லாந்தின் ஹெல்சின்கியையும் ஜப்பானின் டோக்கியோவையும் போட்டுப் பாருங்கள். சுமார் 7,800 கிலோமீட்டர் என்று வரும். பக்கத்திலேயே பறக்கும் நேரம் ஒன்பதரை, பத்து மணி நேரம் என்று போட்டிருக்கும். இப்போது ஃபின்லாந்தின் விமான நிறுவனமான ஃபின்னேரின் டிக்கெட்டைத் தேடுங்கள். நடுவில் எங்கும் நிற்காத, நேராகப் போகிற விமானம்தான். ஆனால் நேரம் 13 மணிக்குப் பக்கத்தில் நிற்கும்.

மூன்றரை மணி நேரம் எங்கே போனது? விமானம் மெதுவாகப் போகவில்லை. ஹெல்சின்கி இடம் மாறவில்லை, டோக்கியோவும் மாறவில்லை. 2022 பிப்ரவரிக்கு முன்பு இதே நிறுவனம், இதே ஏர்பஸ் ஏ350 விமானத்தை வைத்து இதே இரண்டு ஊருக்கு நடுவில் ஒன்பதரை மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்தது.

"உலகம் சுருங்கிவிட்டது" என்று நம் வகுப்பில் எந்த செமினார் எடுத்தாலும் முதல் ஸ்லைடில் ஒரு வரி வரும். சுருங்கியது உண்மைதான். ஆனால் அது திரும்ப விரியவும் செய்யும், விரிந்தால் அதற்கு ஒரு பில் வரும், அந்த பில்லை யாராவது கட்டவேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை. அந்த பில் கண்ணில் படாதபடி மறைப்பதில் மேலே சொன்ன 7,800 என்கிற ஒற்றை எண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கட்சி.

முதலில் அந்த எண் எப்படி வருகிறது என்று பார்த்துவிடுவோம், சின்ன விஷயம்தான். ஒரு பூமி உருண்டையை எடுத்துக்கொண்டு இரண்டு ஊரிலும் நூலின் முனைகளை வைத்து இறுக்கிப் பிடித்தால் நூல் எந்த வழியாகப் போகிறதோ அதுதான் மிகக் குறுகிய வழி. சுவரில் தொங்கும் தட்டை வரைபடத்தில் கோடு போட்டால் ஹெல்சின்கியிலிருந்து கஜகஸ்தான், மங்கோலியா பக்கமாகப் போவது போலத் தெரியும். உருண்டையில் நூல் வடக்கே வளைந்து, ஏறக்குறைய ஆர்க்டிக் வட்டத்தைத் தொட்டுவிட்டு, சைபீரியா முழுவதையும் கடந்து ஜப்பானில் இறங்கும். பத்தாம் வகுப்புக் கோணவியல் தெரிந்தால் காகிதத்திலேயே போட்டுவிடலாம். நானும் போட்டேன், 7,826 வந்தது. பிறகு மணிக்கு 800, 850 கிலோமீட்டர் என்று வகுத்து, ஏறி இறங்க அரை மணி கூட்டினால் நேரம். தளங்கள் செய்வது இவ்வளவுதான்.

அந்த நூல் ரஷ்யாவின் தலைக்கு மேல் போகிறது. கணக்குக்கு அது தெரியாது. விமானிக்குத் தெரியும்.

கொஞ்சம் பழைய கதை. 1957-க்கு முன்பு ஐரோப்பாவிலிருந்து ஜப்பான் போவது என்றால் மத்திய கிழக்கு, இந்தியா, தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் என்று ஒவ்வொரு ஊராக இறங்கி ஏறி, எரிபொருள் போட்டுக்கொண்டு போகவேண்டும். ஐம்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். நம் ஊர் டவுன் பஸ் மாதிரி. சோவியத் ஒன்றியம் வெளிநாட்டு விமானங்களை சைபீரியா மேல் விடாது. 1957 பிப்ரவரியில் ஸ்காண்டிநேவியன் ஏர்லைன்ஸ் ஒரு வேலை செய்தது. கோபன்ஹேகனிலிருந்து கிழக்கே போகாமல் வடக்கே ஏறி, வடதுருவப் பகுதியைக் கடந்து, அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி, எரிபொருள் நிரப்பி, அங்கிருந்து டோக்கியோ. 32 மணி நேரம். 1961-ல் ஜப்பான் ஏர்லைன்ஸும் ஜெட் விமானத்தோடு இந்தப் பாதைக்கு வந்தது.

இதனால் யாருக்கு யோகம் என்றால் ஆங்கரேஜுக்கு. அலாஸ்காவில் எந்த வேலையும் இல்லாத லட்சக்கணக்கான ஜப்பானியர்கள் ஒரு மணி நேரம் அந்த விமான நிலையத்தில் காலை நீட்டிவிட்டுப் போனார்கள். வரியில்லாக் கடைகள் முளைத்தன. அங்கே ஊடோன் நூடுல்ஸ் கடை ஒன்று இருந்தது. அந்தத் தலைமுறை ஜப்பானியர்கள் இன்றும் ஆங்கரேஜ் என்றால் ஊடோன் என்றுதான் பேசுகிறார்களாம். தூரமும் அரசியலும் சேர்ந்து பனிப்பிரதேசத்தில் ஒரு நூடுல்ஸ் கடையை உண்டாக்கியது என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம் :-)

சந்தோஷமில்லாத பகுதியும் உண்டு. 1978 ஏப்ரலில் பாரிஸிலிருந்து ஆங்கரேஜ் வழியாக சியோல் போகவேண்டிய கொரிய விமானம் ஒன்று திசை தவறி சோவியத் எல்லைக்குள் போனது. போர் விமானம் சுட்டது. உறைந்த ஏரி ஒன்றின் மேல் இறக்கினார்கள், இரண்டு பயணிகள் இறந்தார்கள். 1983 செப்டம்பர் 1 அன்று ஆங்கரேஜிலிருந்து சியோலுக்குக் கிளம்பிய இன்னொரு கொரிய விமானம், எண் 007, பாதை விலகி சோவியத் வான்வெளிக்குள் போனது. சாகலின் தீவு அருகே சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேர், ஒருவரும் பிழைக்கவில்லை. அமெரிக்கா தன் ஜி.பி.எஸ். வசதியைப் பொதுமக்களின் விமானங்களுக்கும் தருவதாக அறிவித்தது இதற்குப் பிறகுதான். நாம் இன்று ஆட்டோவுக்கு வழி காட்ட வைத்திருக்கும் அந்த ஜி.பி.எஸ்.தான்.

அதே 1983-ல், ஏப்ரலில், ஃபின்னேர் ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்கு எங்கும் நிற்காமல் பறக்க ஆரம்பித்தது. கூடுதல் எரிபொருள் கொள்ளும் டிசி-10 விமானம், மூன்று என்ஜின். வழி: வடதுருவம், அங்கிருந்து அலாஸ்காவுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவில் இருக்கும் பெரிங் நீரிணை, அங்கிருந்து பசிபிக் ஓரமாக டோக்கியோ. நேரம்: சுமார் 13 மணி. துருவத்தைக் கடந்ததற்குப் பயணிகளுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள்.

இந்த 13-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1980-களின் கடைசியிலிருந்து சோவியத் கதவு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. 90-களில் சைபீரியாவுக்கு மேல் பறப்பது சாதாரணமாகிவிட்டது. ஆங்கரேஜின் ஜப்பானியக் கூட்டம் காணாமல் போனது (பயணிகள் போனாலும் சரக்கு விமானங்கள் வந்தன, இன்றைக்கு உலகின் பெரிய சரக்கு நிலையங்களில் அது ஒன்று. அது வேறு கதை). சைபீரியப் பாதை ஒன்றும் தர்மத்துக்குக் கிடைக்கவில்லை. ஐரோப்பிய நிறுவனங்கள் ஆண்டுக்குச் சில நூறு மில்லியன் டாலர் கட்டின. அதில் பெரும் பகுதி ரஷ்யாவின் ஏரோஃப்ளோட் நிறுவனத்துக்கே போனது. அதாவது நம் போட்டியாளருக்கு நாமே மாமூல் கட்டி, அவர் வீட்டு வாசல் வழியாகப் போய், அவரோடு போட்டி போடுவது! ஐரோப்பிய ஒன்றியம் ஆண்டுக்கணக்கில் முணுமுணுத்தது. ஆனாலும் கட்டினார்கள், ஏனென்றால் சுற்றிப் போவது அதைவிடச் செலவு.

இனிமேல்தான் நம்ம சப்ஜெக்ட்.

ஹெல்சின்கி ஐரோப்பாவின் மூலையில் இருக்கிறது. ஃபின்லாந்தின் மக்கள்தொகை சுமார் 56 லட்சம்தான், சென்னை மாநகரம் அதைவிடப் பெரியது. இந்த ஊரை வைத்துக்கொண்டு ஒரு பெரிய விமான நிறுவனம் நடத்த முடியுமா? ஃபின்னேர் நடத்திக் காட்டியது. காரணம் அந்த நூல். ஐரோப்பாவின் பல ஊர்களிலிருந்து டோக்கியோ, சியோல், ஷாங்காய் என்று நூல் பிடித்தால் அது ஹெல்சின்கிக்குப் பக்கமாகத்தான் போகும். எனவே ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆட்களை ஹெல்சின்கிக்குக் கூட்டி வந்து, அங்கே விமானம் மாற்றி, ஆசியாவுக்கு அனுப்பினார்கள். ஆள் மட்டுமில்லை. நார்வேயில் பிடித்த சால்மன் மீன் லாரியில் ஹெல்சின்கி வந்து, பயணிகளின் காலுக்குக் கீழே சரக்கு அறையில் படுத்துக்கொண்டு ஆசியாவுக்குப் போகும்.

ஆனால் குறுக்கு வழியின் உண்மையான லாபம் எரிபொருளில் இல்லை, கடிகாரத்தில் இருந்தது. கணக்குப் போடுங்கள். போக ஒன்பதரை மணி, எதிர்க்காற்றில் திரும்ப பத்து மணி, இரண்டு பக்கமும் துடைத்துப் பெருக்கி ஆள் ஏற்றச் சேர்த்து நான்கு மணி. மொத்தம் இருபத்து மூன்றரை. ஒரு நாளுக்குள் அடங்கிவிட்டது! இன்று மாலை ஐந்து மணிக்குக் கிளம்பிய விமானம் நாளை மாலை ஐந்து மணிக்கு மறுபடி கிளம்பத் தயார். தினசரி சேவைக்கு ஒரே ஒரு விமானம் போதும். ஃபின்னேர் இந்த இருபத்து நான்கு மணிச் சுற்றைத் தன் முக்கியமான பலமாகவே சொல்லிக்கொண்டிருந்தது. லண்டன், பாரிஸ், ஃபிராங்க்ஃபர்ட் நிறுவனங்களுக்கு இது அமையாது, அவர்களுக்குக் கூட இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். நம் ஊர் லாரி உரிமையாளர்கள் "வாரத்துக்கு எத்தனை நடை அடிக்கும்?" என்று கேட்பார்களே, அதேதான். வண்டி நின்றாலும் ஓடினாலும் தவணை ஓடும். நடை கூடினால்தான் காசு. 2015-ல் ஐரோப்பாவில் முதல் ஆளாக ஏ350 விமானங்களை வாங்கியதும் இந்தக் கணக்கை நம்பித்தான்.

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் படை அனுப்பியது. 27-ம் தேதி ஐரோப்பிய ஒன்றியம் தன் வான்வெளியை ரஷ்ய விமானங்களுக்கு மூடுவதாக அறிவித்தது. 28-ம் தேதி ரஷ்யா 36 நாடுகளின் விமானங்களுக்குத் தன் வானத்தை மூடியது. ஃபின்னேர் ஆசிய விமானங்களை ரத்து செய்தது. பத்து நாள்கூட முழுதாக ஆகவில்லை, மார்ச் 9 அன்று டோக்கியோவுக்கு மறுபடி கிளம்பினார்கள். சரக்குக்கு நல்ல தேவை இருந்ததால்தான் அது கட்டுப்படி ஆனது என்று நிறுவனமே சொன்னது.

எந்த வழியில் போனார்கள்? அலமாரியிலிருந்து 1983-ஐ எடுத்தார்கள். நார்வேக்கு மேல் ஏறி வடதுருவம், அலாஸ்கா ஓரம், பசிபிக், டோக்கியோ. 13 மணி நேரம். சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள், மறுபடியும்! மூன்று என்ஜினுக்குப் பதில் இரண்டு என்ஜின், ஒவ்வொரு சீட்டிலும் டி.வி., கணினி போடும் காற்றுக் கணக்கு, எல்லாம் முப்பத்தொன்பது வருட முன்னேற்றம். நேரம் மட்டும் அதே 13.

தூரத்தை நானே உருண்டை வைத்துக் கூட்டிப் பார்த்தேன். ஹெல்சின்கியிலிருந்து துருவத்துக்கு 3,300. துருவத்திலிருந்து பெரிங் நீரிணைக்கு 2,700. அங்கிருந்து டோக்கியோவுக்கு நேராகப் போனால் 4,600-க்கு மேல். மொத்தம் 10,600 கிலோமீட்டர். அதிலும் அந்தக் கடைசித் துண்டை நேராகப் போக முடியாது, வழியில் ரஷ்யாவின் கம்சட்கா நீட்டிக்கொண்டிருக்கிறது, அதை விட்டு விலகி கடலுக்குள் வளையவேண்டும். ஆக நிஜத்தில் இன்னும் கூடும். காற்று சரியில்லாத நாளில் தெற்கு வழி: துருக்கி, ஜார்ஜியா, அஜர்பைஜான், கஜகஸ்தான், சீனா, கொரியா. அதுவும் ஏறக்குறைய அதே நேரம்தான்.

இப்போது நடைக்கணக்கு. 13 + 13 + 4 = 30 மணி. வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரு விமானம் அடிக்கும் நடை 7-லிருந்து 5.6 ஆகிவிட்டது. விமானத்தின் குத்தகையோ டிப்ரிசியேஷனோ ஒரு யூரோகூடக் குறையாது, ஆகவே ஒரு நடையின் தலையில் விழும் பங்கு 25 விழுக்காடு ஏறுகிறது. இது எரிபொருளைத் தொடாமலே! எரிபொருள் சுமார் 40 விழுக்காடு கூடியது. இதில் ஒரு கொடுமை என்னவென்றால், தூரப் பயணத்துக்காக ஏற்றுகிற எரிபொருளைச் சுமப்பதற்கே எரிபொருள் வேண்டும். கூடுதலாக ஏற்றும் எடையில் மணிக்குத் தோராயமாக 3, 4 விழுக்காடு அதைத் தூக்கிக்கொண்டு போவதிலேயே கரைந்துவிடும். பதின்மூன்று மணிக்கு நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். விமானிகளுக்குக் கூடுதல் ஓய்வு, அதனால் கூடுதல் ஆள். காஸ்ட் அக்கவுண்டிங் பாடப் புத்தகத்தில் வரும் "ஒரு மேஜை தயாரிக்க ஆகும் செலவு" கணக்குக்குப் பதில் இதைப் போட்டால் கடைசி பெஞ்சும் விழித்திருக்கும்.

விளைவு? ஃபின்னேர் தன் விமானங்களில் சிலவற்றைப் பணியாளர்களோடு சேர்த்து மற்றவர்களுக்கு வாடகைக்கு விட்டது. ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸுக்காக சிட்னியிலிருந்து சிங்கப்பூருக்கும் பாங்காக்குக்கும் ஃபின்னேரின் ஏ330-கள் பறந்தன. மீதி விமானங்களை அமெரிக்கா, இந்தியா, வளைகுடா என்று திருப்பினார்கள். ஊருக்கு நடுவில் இருந்த கடை, புறவழிச்சாலை வந்த பிறகு என்ன செய்யுமோ அதைச் செய்தார்கள்.

இதைப் பற்றிப் பேசும்போது நண்பன் ஒருவன் சொன்னான்: "ஒரே ஒரு நாட்டின் அனுமதியை நம்பி ஒரு கம்பெனியையே கட்டினால் அப்படித்தான் ஆகும், இதில் பாவம் பார்க்க என்ன இருக்கிறது?" சரியான கேள்விதான். ஆனால் முழுக்க ஒத்துக்கொள்ள முடியவில்லை.

கிராமத்தில் பார்த்திருப்பீர்கள். நம் வயலுக்கும் ரோட்டுக்கும் நடுவில் இன்னொருவர் தோப்பு இருக்கும். தோப்பு வழியாகப் போனால் ஐந்து நிமிடம், சுற்றிப் போனால் இருபது. அவரோடு பேச்சுவார்த்தை இருக்கும்வரை எல்லாரும் தோப்பு வழிதான். அந்த ஐந்து நிமிடத்தை நம்பித்தான் நாற்று, உரம், கூலி எல்லாம் கணக்குப் போடுவோம். முப்பது வருடம் அப்படிப் போனவனைப் பார்த்து "நீ ஏன் தினமும் சுற்றிப் போகவில்லை?" என்று யாரும் கேட்கமாட்டார்கள். அவன் சுற்றிப் போயிருந்தால் அந்த முப்பது வருடமும் பக்கத்து வயல்காரனிடம் தோற்றிருப்பான். ஆனால் பத்திரத்தில் பாதை பாத்தியதை எழுதி வாங்கவில்லை என்றால் ஒரு நாள் முள்வேலி வரலாம், வந்தால் கேட்க வழியில்லை. வானத்திலும் இதே நிலைதான். 1944-ல் போட்ட சிகாகோ ஒப்பந்தத்தின் முதல் விதியே, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் மண்ணுக்கு மேலே உள்ள வான்வெளி முழுச் சொந்தம் என்பது. கடந்து போகும் உரிமையை ஒருவருக்கொருவர் பொதுவாகக் கொடுத்துக்கொள்ளும் தனி உடன்படிக்கை ஒன்று உண்டு. ரஷ்யா அதில் சேரவில்லை. சீனாவும் இல்லை. கனடா 1988-ல் வெளியே வந்துவிட்டது. உலகின் மிகப் பெரிய தோப்புக்காரர்கள் மூன்று பேரும் பத்திரம் எழுதிக் கொடுக்காதவர்கள்!

அதனால் என் குறை ஃபின்னேர் தோப்பு வழியாகப் போனதில் இல்லை. அந்த ஐந்து நிமிடத்தைத் தன் சொத்து மாதிரி பேலன்ஸ் ஷீட்டின் மனசில் எழுதிக்கொண்டதில்தான். பெரும்பான்மைப் பங்கு வைத்திருக்கும் ஃபின்லாந்து அரசும் சேர்ந்துதான் அதைச் செய்தது.

முள்வேலி எல்லாருக்கும் போடப்படவில்லை என்பதுதான் இதில் காரமான பகுதி. சீன நிறுவனங்கள் 2022-க்குப் பிறகும் சைபீரியா மேல்தான் ஐரோப்பாவுக்குப் பறந்தன. ஒரே ஊர், ஒரே தூரம், ஒருவருக்கு இரண்டு மூன்று மணி நேரம் குறைவு. 2024 அக்டோபரில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் லண்டன் - பெய்ஜிங் சேவையை நிறுத்தியது. அதே மாதம் வர்ஜின் அட்லாண்டிக் இருபத்தைந்து வருடமாக ஓட்டிவந்த லண்டன் - ஷாங்காயை நிறுத்தியது. லுஃப்தான்சா ஃபிராங்க்ஃபர்ட் - பெய்ஜிங்கை நிறுத்தியது. நாம் போட்டி என்றால் தரம், விலை, விளம்பரம் என்று படிக்கிறோம். இங்கே போட்டியைத் தீர்மானித்தது யாருடைய வெளியுறவு அமைச்சர் யாரோடு கை குலுக்குகிறார் என்பது.

நம் நாடு இந்தக் கதையில் இரண்டு பக்கமும் நின்றிருக்கிறது. ரஷ்யா மூடியது 36 நாடுகளுக்கு, இந்தியா அதில் இல்லை. ஏர் இந்தியா ரஷ்யா வழியாகவே டெல்லியிலிருந்து அமெரிக்கா போனது. அமெரிக்க நிறுவனங்களுக்கு அது முடியாது என்பதால் அவர்களுக்குக் கடுப்பு. 2023 ஜூனில் சான் பிரான்சிஸ்கோ போகவேண்டிய ஏர் இந்தியா விமானம் என்ஜின் கோளாறால் ரஷ்யாவின் மகதானில் இறங்கி, இருநூறுக்கு மேற்பட்ட பயணிகள் அங்கே மாட்டிக்கொண்டபோதுதான், நாம் எந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தோம் என்பதே பலருக்குத் தெரிந்தது.

மறுபக்கம் பாகிஸ்தான். 2019 பிப்ரவரியில் பாலகோட் தாக்குதலுக்குப் பிறகு வான்வெளியை மூடினார்கள், ஜூலை 16 அன்றுதான் திறந்தார்கள். ஜூலை 2 வரை ஏர் இந்தியாவுக்கு மட்டும் 491 கோடி ரூபாய் இழப்பு என்று அமைச்சர் மாநிலங்களவையில் சொன்னார். இண்டிகோ அந்த மார்ச்சில்தான் டெல்லி - இஸ்தான்புல் நேரடி சேவை தொடங்கியது. சின்ன விமானம், சுற்றிப் போக எரிபொருள் பத்தாது. தோஹாவில் இறங்கி எரிபொருள் போட்டுக்கொண்டு போகவேண்டியதாயிற்று. ஏர் இந்தியா அப்போது அரசு நிறுவனம், அதனால் அந்த 491 கோடி நம் எல்லாருடைய பணம். 2025 ஏப்ரல் 24 அன்று, பஹல்காமுக்குப் பிறகு, மறுபடி மூடினார்கள். மாதம் மாதமாக நீட்டித்துக்கொண்டே போனார்கள். இந்தியாவும் பதிலுக்கு மூடியது. டெல்லியிலிருந்து அமெரிக்கா போகும் சில விமானங்கள் வியன்னாவிலும் கோபன்ஹேகனிலும் எரிபொருளுக்காக இறங்கின. 2025 செப்டம்பர் 1 முதல் டெல்லி - வாஷிங்டன் சேவையை ஏர் இந்தியா நிறுத்தியது, சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. தூரம் காட்டும் தளத்தில் டெல்லி - வாஷிங்டன் எண் ஒரு கிலோமீட்டர்கூட மாறியிருக்காது.

"சும்மா பொழுதுபோக்குத் தளம், தப்பாகச் சொன்னால் என்ன போச்சு?" என்று கேட்பீர்கள். அந்த நூல் தூரம் தளங்களோடு நின்றால் நானும் விட்டுவிடுவேன். விமானம் தாமதமானால் ஐரோப்பாவில் எவ்வளவு இழப்பீடு என்பதை அந்த நூல் தூரத்தை வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள். தூரத்துக்கு மைல் கொடுக்கும் விசுவாசத் திட்டங்களும் பெரும்பாலும் அப்படியே. இரண்டும் போகட்டும், பயணிக்குப் பெரிய நஷ்டமில்லை.

கரியமில வாயுக் கணக்குதான் உறுத்துகிறது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, அதாவது ஐ.சி.ஏ.ஓ., பயணிகள் தங்கள் பயணத்தின் புகையைக் கணக்கிட ஒரு கருவி வைத்திருக்கிறது. பல ஆண்டுகளாக அது பயன்படுத்திவந்த முறை: நூல் தூரத்தை எடு, சுற்றல் வளையலுக்காக ஒரு சிறு தொகை கூட்டு. 5,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம் என்றால் கூட்டவேண்டியது 125 கிலோமீட்டர். ஹெல்சின்கி - டோக்கியோவில் நிஜச் சுற்று 2,800-க்கும் மேல்! 125 எங்கே, 2,800 எங்கே. இந்த மாதிரிக் கணக்கை வைத்து "உங்கள் பயணத்துக்கு இத்தனை மரம் நடுங்கள்" என்று காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். எரிந்த எரிபொருளுக்கும் எழுதிய கணக்குக்கும் இவ்வளவு வித்தியாசம் வந்தால் நம் ஆடிட்டிங் சார் கையெழுத்துப் போடுவாரா?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. டிக்கெட்டிலும் இந்தத் தளங்களிலும் இரண்டு எண் போடட்டும். ஒன்று நூல் தூரம். இன்னொன்று, போன மாதம் அந்த வழியில் விமானங்கள் நிஜமாகப் பறந்த சராசரி தூரமும் நேரமும். இந்த விவரம் ரகசியமில்லை, பறக்கும் விமானத்தை நேரலையில் காட்டும் தளங்களே சேர்த்து வைத்திருக்கின்றன. புகைக் கணக்கை இரண்டாவது எண்ணில் போடட்டும். விமான நிறுவனங்கள் இதற்கு எதிர்ப்பு சொல்லும், "வழி தினமும் மாறும், எப்படிப் போடுவது?" என்று. தினமும் மாறுவதைத்தான் தங்கம் விலைக்கும் பெட்ரோல் விலைக்கும் தினமும் போடுகிறோம்.

நேரம் இருந்தால் அந்த நேரலைத் தளங்களில் ஒன்றில் ஃபின்னேரின் டோக்கியோ விமானத்தைத் தேடிப் பாருங்கள். ஒரு நாள் கோடு நேராக வடக்கே ஏறி வரைபடத்தின் மேல் விளிம்பில் காணாமல் போகும், அலாஸ்கா பக்கம் மறுபடி இறங்கி வரும். இன்னொரு நாள் கருங்கடலைச் சுற்றிக்கொண்டு தெற்கே போகும். நடுவில் அவ்வளவு பெரிய சைபீரியா மேல் எந்தெந்த நாட்டு விமானங்கள் ஊர்ந்துகொண்டிருக்கின்றன என்பதையும் ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பாருங்கள். நான் போன வாரம் ஒரு மணி நேரம் அதில்தான் போக்கினேன், திங்கள்கிழமை கார்ப்பரேட் அக்கவுண்டிங் இன்டர்னல் இருந்தும் :-)